கழுவி வைத்த கால்கள்

பெரிய வியாழனுக்கு முதல் நாள் மாலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பீலிக்கரைப் பக்கம் போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். தண்ணீர் விழுகிற இடத்தில், கல்லின் மேல் காலை நீட்டிக்கொண்டு சில வீட்டு ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய மனைவிமார் பீர்க்கங்கூட்டில் சவர்க்காரம் போட்டு அந்தக் கால்களைத் தேய் தேய் என்று தேய்ப்பார்கள். குதிகால் வெடிப்பு, நகக்கண் அழுக்கு எதுவும் மிஞ்சாது. மறுநாள் பவுடர் போட்டு, புதுச் சாக்ஸ் மாட்டி, வெயில் படாத பண்டம் போல அந்தக் கால்களைக் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள்.

ஏன் இந்தத் தேய்ப்பு என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் தாம் இறப்பதற்கு முந்தின இரவு, பந்தியிலிருந்து எழுந்து, இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, தம்முடைய சீடர்களின் கால்களைக் குனிந்து கழுவினார். அதை நினைத்து ஒவ்வொரு வருடமும் பெரிய வியாழன் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவித் துடைப்பார். கழுவப் போகிற காலை எதற்கு முதல் நாளே கழுவ வேண்டும் என்று எங்கள் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. ஒரு வருடம் புருஷன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஃபாதர் நாளைக்குக் கழுவுறதுக்கு நான் இன்னைக்கே கழுவுறேன் அண்ணே. அவருக்கு வேல மிச்சம், எனக்கு இடுப்பு மிச்சமில்ல."

எங்கள் தோட்டத்தில் பன்னிரண்டு பேரின் கால்கள் என்றால் அவை பன்னிரண்டு பதவிகள். கோயில் கமிட்டித் தலைவர், தொழிற்சங்கத் தலைவர், பள்ளிக்கூட அதிபர், தோட்டத்து ஆபீசில் வேலை பார்ப்பவர், கடை வைத்திருப்பவர் என்று அந்த வரிசை போகும். ஒருவர் போய்ச் சேர்ந்தால் அவருடைய நாற்காலியில் அவருடைய மகன் உட்காருவார். மலையில் நின்று கொழுந்து எடுக்கிற ஒருத்தியின் கால் அந்த வரிசையில் வந்ததே இல்லை. வர வேண்டும் என்று யாரும் சண்டை பிடித்ததும் இல்லை. மழை மேலேயிருந்து பெய்கிற மாதிரி அதுவும் ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

நான் நோர்வூட் டவுனில் ஓட்டோ ஓட்டுகிறவன். பள்ளிக்கூடம் எனக்கு எட்டோடு சரி. மிச்சத்தையெல்லாம் பின் சீட்டில் ஏறியவர்கள் பேசியதைக் கேட்டுப் படித்துக்கொண்டேன். ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்தில் வண்டி போடுகிறவன் மாரியம்மன் திருவிழாவில் முன்னால் நின்று காவடி எடுப்பவன். இந்தக் கால் கழுவுகிற விஷயத்தை நான் சொல்லக் கேட்டு ஒருநாள் அவன் யோசித்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்:

"எங்க சாமி காலுல நாங்க விழுறோம். பால ஊத்திக் கழுவுறோம். அது நியாயம். ஒங்க சாமி ஒங்க காலைக் கழுவிச்சுன்னா, அப்ப அதுக்கு மேல யாருடா இருக்கா?"

யாரும் இல்லை என்பதுதான் பதில் என்று பிறகு தோன்றியது. ஆனால் அதைச் சொல்லிப் பார்க்கவே ஒரு பயம் வந்தது. எல்லாருக்கும் மேலே இருக்கிறவர் எல்லாருக்கும் கீழே போய் உட்கார்ந்துகொண்டால், நடுவில் ஏணி போட்டு நிற்கிற நாமெல்லாம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? அந்தக் கேள்வி போன வருடம் எங்கள் கோயிலுக்குள் நடந்து வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

போன வருடம் எங்களுக்குப் புது ஃபாதர் வந்திருந்தார். லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். டவுனிலிருந்து எங்கள் கோயிலுக்கு அவரை நான்தான் ஏற்றிப் போவேன். பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறுப் பூசை முடிந்து திரும்பும்போது, முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இந்த வருஷம் அந்தப் பன்னிரண்டு பேரும் ஒக்கார வேண்டாம். கழுவட்டும். மலையில இருந்து வர்றவங்க ஒக்காரட்டும்."

நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

"ஃபாதர், கணக்கப்பிள்ளை ஐயா கொழும்புல இருந்து வர்றாருங்களே."

"வரட்டுமே. ஸ்டேஷனுக்கு நீங்கதானே போறீங்க? வர்ற வழியில சொல்லிருங்க."

"நானா?"

"நான் சொன்னா, ஃபாதர் சொல்றாருன்னு தலையாட்டிட்டு மனசுக்குள்ள வச்சுக்குவாரு. நீங்க சொன்னா கோபம் வரும். வரட்டும். வர்ற கோபம் வழியிலேயே வந்து முடிஞ்சிரட்டும்."

அந்தக் கணக்கப்பிள்ளை ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய தாத்தா அந்தக் காலத்தில் ஆட்களைக் கூட்டி வந்த பெரிய கங்காணி. எங்கள் கோயிலைக் கட்டியவர் அவர்தான். வாசலில் கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது. ஐயா கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அவர் வந்து நின்றால் பெயர் கூப்பிடுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. அன்றைக்கு யாருக்கு எந்த மலை, யாருக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லை என்பது அவர் வாயில் இருந்தது. பன்னிரண்டு நாற்காலிகளில் முதல் நாற்காலி அவருடையது. அதற்கு முன் அவருடைய அப்பாவுடையது.

ஓய்வு பெற்ற பிறகும் ஒரு பெரிய வியாழன் தவறாமல் அதில் உட்கார்ந்தவர், இதயத்தில் ஆபரேஷன் செய்து கொழும்பில் மகன் வீட்டோடு போய்விட்டார். இனிமேல் மலைப் பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அதனால் மகனோடு சண்டை போட்டுக் கடைசியாக ஒருமுறை வருகிறார். எனக்குப் போன் பண்ணியபோது அவர் குரலில் பழைய அதிகாரம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

"இது ஒண்ணுதான் தம்பி. அந்த நாற்காலியில இன்னொருக்கா ஒக்காந்துட்டேன்னா போதும். அப்புறம் எங்கயும் கூப்பிட மாட்டேன்."

அந்த நாற்காலியைத்தான் இல்லை என்று நான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலையில் என் அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. நான் கல்யாணமாகி அவர் வீட்டோடு போய் இருக்கிறவன். அத்தைக்குப் பென்ஷன் வயதெல்லாம் தாண்டிவிட்டது, ஆனாலும் எடுத்த கொழுந்துக்கு அன்றன்றைக்கே காசு தருகிற கைக்காசு வேலைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அன்றும் தலையில் கயிற்றை மாட்டிக்கொண்டு நின்றார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அந்த ஐயா குனிவாரா? தன் சப்பாத்து நாடாவையே அவரு தன் கையால கட்டினதில்ல மாப்ள."

"ஃபாதர் சொல்லியிருக்காரு அத்தை."

"ஃபாதர் சொல்லட்டும். முதுகெலும்பு கேக்கணும்ல."

பிறகு தாடையைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடி, ஐயா மாதிரியே நின்று காட்டினார். "மணி என்ன? திரும்பிப் போ." அந்த நடிப்பை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். என் மனைவி கைக்குழந்தையாக இருந்தபோது, காய்ச்சல் கண்ட பிள்ளையை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் அழ அழ விட்டுவிட்டு அத்தை பெரட்டுக்கு ஓடியிருக்கிறார். கொஞ்சம் பிந்திவிட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, ஐயா இரண்டு வாக்கியம் பேசினார். அத்தை அன்றைக்கு வேலையில்லாமல் லயத்துக்குத் திரும்பி நடந்தார். அத்தை இதை அழுதுகொண்டு சொல்லி நான் கேட்டதே இல்லை. எப்போதும் நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பார். நாங்களும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம்.

ஹட்டன் ஸ்டேஷனில் ஐயா இறங்கியபோது எனக்கு மனசு கேட்கவில்லை. ஆள் பாதியாகிப் போயிருந்தார். கோட்டு மட்டும் பழைய அளவில் இருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் முதல் காரியமாகத் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"தம்பி, ஒரு கூத்து தெரியுமா? எம் பேத்தி என்னைய ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போயி, கால ஒரு தொட்டியில வைக்கச் சொன்னா. ஒரு பொண்ணு வந்து சொரண்டி, தேய்ச்சு, நகத்த வெட்டி, கிரீம் எல்லாம் போட்டுச்சு. ஒங்க அக்கா போன பொறகு இந்தக் கால யாரும் இப்படிப் பார்த்ததில்ல."

அக்கா என்று அவர் சொன்னது அவருடைய காலமான மனைவியை. அந்த அம்மா இருந்தவரை பீலிக்கரையில் ஐயாவின் காலைத் தேய்த்தது அவர்தான். நான் சிரித்து வைத்தேன். டிக்கோயா தாண்டும்வரை வண்டியை ஓட்டினேன். பிறகு ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, கையில் கோப்பையைக் கொடுத்த பிறகு சொன்னேன்.

அவர் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"யாரு சொன்னா?"

"ஃபாதருங்க."

"கொழும்புக்காரரா?"

"இல்லீங்க. லிந்துலைப் பக்கம். லயத்துப் பிள்ளைதான்."

"அதான்," என்றார்.

அந்த ஒரு சொல்லில் எவ்வளவு இருந்தது தெரியுமா? நானும் லயத்துப் பிள்ளைதான். என் தேத்தண்ணி கசந்தது. அவர் கோப்பையை வைத்துவிட்டு எதிர்ப்பக்கத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கோபமே இல்லாத, ஏதோ தொலைத்துவிட்டவர் போன்ற குரலில் கேட்டார்:

"அப்ப என் கால யாரு கழுவுவா?"

திரும்ப ஸ்டேஷனுக்குப் போவோமா என்று கேட்டேன். அதைக் கேட்டதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வண்டிய எடு. எங்க தாத்தா கட்டின கோயிலு. நான் போயி அந்த நாற்காலியில ஒக்காருவேன். எந்திரிக்கச் சொல்றவன் வந்து சொல்லட்டும்."

கோயிலில் பூசை தொடங்கும்போது தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகளும் வழக்கம்போல வரிசையாக இருந்தன. மற்றப் பதினொரு பேருக்கும் விஷயம் முன்பே போயிருந்தது. அவர்கள் சுவர் ஓரமாக, கையில் ஆளுக்கொரு துண்டை வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் கூப்பிடாத பந்திக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். பின்னால் பாயில் ஆண்களும் பெண்களும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு வேலை நாள். கொழுந்து நிறுக்கப் பிந்திவிட்டதால் பெண்கள் பலர் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை மட்டும் அவிழ்த்து வாசலில் போட்டுவிட்டு, சேறு பட்ட காலோடு நேராக வந்திருந்தார்கள். அத்தையும் அப்படித்தான்.

ஐயா உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராக நடந்து போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கமிட்டித் தலைவர் என் காதோரம் வந்து, "நீ சொல்லலையாடா?" என்றார். "சொன்னேங்க," என்றேன். பதினொரு காலி நாற்காலிகளும் ஒரு மனிதரும். இத்தனை வருடமும் அந்த நாற்காலி அவரைப் பெரியவராகக் காட்டியது. அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லாமல் போனதும், பஸ்ஸைத் தவற விட்டவர் மாதிரி இருந்தார்.

கால் கழுவுகிற நேரம் வந்தது. ஃபாதர் மேலாடையைக் கழற்றி வைத்தார். துண்டைக் கட்டினார். கால் கழுவுகிற பேசினையும் செம்பையும் எடுத்தார். ஐயாவை எழுப்புவார் என்று நான் நினைத்தேன். இரண்டு வார்த்தை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லி நோகாமல் எழுப்புவார் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். அவர் எழுப்பவில்லை. போய் முழங்காலில் இருந்தார். ஐயாவுடைய சப்பாத்தை அவரே கழற்றினார். சாக்ஸை உருவினார். கொழும்பில் கிரீம் போட்டு வந்த அந்த வெள்ளைக் காலில் தண்ணீர் ஊற்றினார். அவசரமே இல்லை. ஒரு காலை முடித்து மறுகாலை எடுத்தார். வேறு கழுவ வேண்டியவர் யாரும் இல்லையல்லவா? அதனால் இருந்த நேரம் முழுவதையும் அந்த ஒரு மனிதருக்கே கொடுத்தார்.

ஐயா முதலில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே பார்த்தார். அவருடைய காலடியில் ஒரு லயத்துப் பிள்ளையின் தலை இருந்தது. நான் பக்கவாட்டில் நின்றதால் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. அதில் நான் கண்டதை எப்படிச் சொல்வது? அவர் கேட்டது அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. கேட்டபடியே, ஒரு துளி குறையாமல். அதை வாங்கிக்கொள்ள முடியாமல் அவர் முகம் தடுமாறியது.

ஃபாதர் துடைத்து முடித்து, முழங்காலில் இருந்தபடியே சொன்னார்: "ஐயா, நான் முடிச்சிட்டேன்."

அவ்வளவுதான். துண்டை நீட்டவில்லை. வா என்று கூப்பிடவில்லை. ஐயா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். கோட்டைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் போய் வாங்கிக்கொண்டேன். ஃபாதருடைய கையிலிருந்து பேசினையும் செம்பையும் துண்டையும் அவரே எடுத்துக்கொண்டார்.

சந்தோஷப்படுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. ஃபாதர் பாய்ப் பக்கம் திரும்பி, "வாங்க, வந்து ஒக்காருங்க," என்றார். ஒருவரும் எழவில்லை.

பேசினைப் பிடித்துக்கொண்டு ஐயா நின்றார். தண்ணீர் பேசின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் போனது. பெண்கள் குனிந்துகொண்டார்கள். ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் வயதான ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டுச் சொன்னார்:

"ஃபாதர், மன்னிச்சுக்கங்க. ஐயா எங்களுக்கு அப்பா மாதிரி. அவரு கை எங்க காலுல பட்டா எங்களுக்குத்தான் பாவம். எங்க பிள்ளைகளுக்கு ஆகாது."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மேலே இருக்கிறவரை இறக்குவதுதான் கஷ்டமென்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் இறங்கி வந்து நிற்கிறார். கீழே இருக்கிற நாங்கள்தான் எழுந்து போய் ஒரு நாற்காலியில் உட்கார மாட்டேன் என்கிறோம். எங்களுடைய பயம் அவருடைய பெருமையைவிடப் பழையது, அதைவிடக் கெட்டியானது.

"ஆண்டவருக்கு முதல்ல பதில் சொன்ன சீடரும் இதையேதான் சொன்னாரு," என்றார் ஃபாதர். "என் கால நீங்க கழுவவே கூடாதுன்னு." பாட்டுப் பாட வேண்டிய பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

அப்போது அத்தை எழுந்தார். பக்தியில் எழுந்தாரா, வீம்பில் எழுந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பாயில் உட்கார்ந்திருந்தவர்களின் தோளைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார்.

"காலையில இருந்து நின்ன காலு ஃபாதர். யாரும் ஒக்காரலைன்னா நான் ஒக்காந்துக்கிறேன்."

முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலை நீட்டினார். அது முதல் நாளே கழுவி வைத்த கால் இல்லை. மலைச் சேறு கணுக்கால்வரை காய்ந்திருந்தது. நகம் கறுத்து, குதி வெடித்து, தேயிலை வேர் மாதிரி இருந்தது.

ஐயா ஒரு கையால் நாற்காலியைப் பிடித்து, ஒரு முழங்காலை இறக்கி, பிறகு மற்றதை இறக்கினார். செம்பிலிருந்து, பூச்செடிக்கு ஊற்றுகிற மாதிரி தூரத்திலிருந்து தண்ணீர் விட்டார். சேறு அசையவில்லை. அவருக்குக் கால் கழுவத் தெரியவில்லை. வாழ்க்கையில் ஒருவருக்கும் கழுவியதில்லை, தனக்கே கழுவியதில்லை, எப்படித் தெரியும்? அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெரலிடுக்குல தேயிங்க ஐயா. மண்ணு அங்கதான் இருக்கு."

பெண்கள் பக்கம் யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஐயா விரலிடுக்கில் தேய்த்தார். சேறு கரைந்தது. கரையக் கரைய, பேசின் தண்ணீர் சிவந்தது. அவர் பயந்துபோய்க் கையை எடுத்தார்.

"ரத்தம் வருதே."

"அட்டை கடிச்சதுங்க. சும்மா விடுங்க, அது பாட்டுக்கு வந்துகிட்டுத்தான் இருக்கும்."

"இப்பல்லாம் மலையில இவ்வளவு அட்டையா?"

"எப்பவும் இருந்துச்சுங்க," என்றார் அத்தை. "ஐயா சப்பாத்து போட்டிருந்தீங்க."

அதில் குத்தல் இருந்ததா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். மழை பெய்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். ஐயா துண்டை எடுத்தார். காலைத் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி ரத்தம் பூத்தது. மறுபடி துடைத்தார். அப்புறம் துண்டின் முனையை மடித்துக் கடிவாயில் வைத்து, தன் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே இருந்தார்.

அட்டைக்கடி ரத்தம் சீக்கிரம் நிற்காது. எங்கள் ஆட்கள் அதை எண்ணுவதே இல்லை, வேலையைப் பார்ப்பார்கள். அவருக்கு அது தெரியாது. அது நின்றால்தான் தன் வேலை முடியும் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்த நெஞ்சோடு, சிமெந்துத் தரையில் முழங்காலில், ஒரு கொழுந்துக்காரியின் காலை மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அவருக்காகப் பூசை நின்றது. ஃபாதர் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன நடந்தது என்று தெரியாது, பாயிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பாவம் பிடிக்கும் என்று சொன்ன அந்தப் பெரியவரும் வந்தார். சுவர் ஓரத்துத் துண்டுகள் அசைந்தன. தொழிற்சங்கத் தலைவர் முழங்காலில் இருந்தார். அதிபர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்தார். பிள்ளைகளுக்குப் பாட்டு ஞாபகம் வந்தது. வரிசை முழுவதும் கழுவி முடித்த பிறகும் ஐயாவின் விரல் எடுபடவில்லை.

நான் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடவுள் குனிந்தார் என்று சிறு வயதிலிருந்து கேட்டுக்கொண்டு வருகிறேன். அது எத்தனை பெரிய செய்தி என்று, ஒரு கிழவரின் பெருவிரல் நுனி வெளுத்துப் போகிற அளவுக்கு அழுந்தியிருந்ததைப் பார்த்தபோதுதான் என் உடம்புக்குத் தெரிந்தது. ஒரு கணக்கப்பிள்ளை குனிந்ததற்கே கோயில் இப்படி ஆடுகிறதென்றால், அன்றைக்கு ஆண்டவர் குனிந்த அந்த மேல்மாடி அறையில் சீடர்கள் எப்படி மூச்சுவிட்டார்கள்?

"நின்னுருச்சு," என்றார் ஐயா கடைசியில், யாரிடமோ சொல்வது போல. துண்டைக் கிழித்துக் காலில் கட்டினார். பிறகு எழப் பார்த்தார். முடியவில்லை. அத்தை நாற்காலியிலிருந்து குனிந்து கையைக் கொடுத்தார். கூடை தூக்கிய கை, ஒரே இழுவையில் அவரை நிறுத்திவிட்டது.

நின்றவர் சுற்றிப் பார்த்தார். நாற்காலிகள் நிரம்பியிருந்தன. போய்ப் பாயின் கடைசியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மிச்சப் பூசையைக் கண்டார்.

வெளியே வந்தபோதும் மழை விடவில்லை. ஐயா பின் சீட்டில் ஏறிவிட்டார். அத்தையையும் லயத்தில் விட வேண்டும். அவர் வழக்கம்போல என் பக்கத்தில், டிரைவர் சீட்டின் ஓரத்தில் தொற்றிக்கொள்ள வந்தார். ஐயா அத்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"அங்க ஏன் நனையிற? பின்னால வா."

அத்தை என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். பின்னால் ஏறி, சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் ஐயா சொன்னார்:

"தம்பி, அந்தக் கடைசியில ஒக்காந்தா பீடமே தெரியல."

"ஆமாங்க ஐயா."

"முன்னால இருக்கிறவங்க முதுகுதான் தெரியுது." நிறுத்தினார். "அப்ப இத்தன வருஷமா எல்லாரும் என் முதுகத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்களா?"

அத்தைதான் பதில் சொன்னார்:

"நான் பார்க்கலங்க. பூசையில நான் தூங்கிருவேன்."

ஐயா சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். அத்தையும் சேர்ந்துகொண்டார். பிறகு ஐயா, "ஆத்தோரத்து மலையிலதான் அட்டை கூடுதலா இருக்குமா?" என்று கேட்டார். "ஆத்தோரத்துலயா? அங்க ஒண்ணுமில்லீங்க. மேல் மலைக்கு வாங்க, காட்டுறேன்," என்று அத்தை தொடங்கினார். நான் கண்ணாடியை உள்ளே இருந்து கையால் துடைத்துக்கொண்டு, இறக்கத்தில் வண்டியை முதல் கியரிலேயே விட்டேன். எந்த மலையில் எந்த மாதத்தில் அட்டை அதிகம் என்று பின்னால் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.